மவுஸுக்குக் காவல்

"ஆட்டுடா, நிறுத்தாதே! நிறுத்தினா உன் மாமாவுக்கு வேலை போயிடும்!"

சமையலறையிலிருந்து அக்கா போட்ட சத்தத்தில் தம்பி திடுக்கிட்டு மறுபடியும் மவுஸைப் பிடித்து ஆட்டத் தொடங்கினான். "கம்ப்யூட்டர் என்னவோ மாதிரி இருக்கு, வந்து பாரு" என்று போனில் கூப்பிட்டிருந்தாள். வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடத் தராமல் மாமாவின் நாற்காலியில் உட்கார வைத்தாள். கையில் மவுஸைத் திணித்துவிட்டு, பால் பொங்குகிறது என்று ஓடிவிட்டாள்.

"எதுக்குக்கா ஆட்டணும்?"

"அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தா அது மறுபடி பாஸ்வேர்ட் கேக்கும். கேட்டா, ஆள் சீட்டுல இல்லன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சிடும். ஏற்கெனவே ரெண்டு தடவை எச்சரிக்கை வந்தாச்சு. அதான் மாமா குளிக்கப் போனா, சாப்பிட உக்காந்தா, கொஞ்சம் கண் அசந்தா, நான் வந்து ஆட்டுவேன்."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அவன் மென்பொருள் எழுதுகிறவன். ஆள் எழுந்து போய்விட்டாரா என்று மோப்பம் பிடித்து, உடனே கதவைச் சாத்திவிடுகிற இதே சமாச்சாரத்தைத் தன் நிறுவனத்துக்காக ராப்பகலாக உட்கார்ந்து எழுதியவன். அதைத் தன் அக்காவே ஒரு கையில் கரண்டியோடு ஏமாற்றிக்கொண்டிருப்பாள் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

மாமாவுக்கு வீட்டிலிருந்தே இன்ஷூரன்ஸ் கிளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலை. திரை முழுக்க வரிசை வரிசையாக அவைதான். வந்ததற்குக் கோளாறைப் பார்ப்போம் என்று ஒரு வரியைச் சொடுக்கினான். திறக்கவில்லை. அடுத்ததையும் சொடுக்கினான். ம்ஹூம். அம்புக்குறி மட்டும் அங்கும் இங்கும் ஓடியது, மற்றதெல்லாம் ஆணி அடித்தது போல் இருந்தது.

"அக்கா, இதுல எதைத் தொட்டாலும் வேலை செய்யலையே?"

"உன்னை ஆட்டத்தானே சொன்னேன், வேலையா செய்யச் சொன்னேன்?"

தம்பி தலையைச் சொறிந்தான். இணையம் இருந்தது. மின்சாரம் இருந்தது. பிறகுதான் திரையின் கீழ் மூலையைக் கவனித்தான். வெளியே காலை வெயில் ஏறிக்கொண்டிருக்க, அங்கே மாலை மணி ஐந்தே கால் என்று இருந்தது. தேதியோ போன மாதத்தது.

குழப்பத்தோடு எஸ்கேப் பட்டனைத் தட்டினான்.

கிளெய்ம்கள், தலைப்பு, கடிகாரம் எல்லாமே சேர்ந்து ஒரு சின்னச் சதுரமாகச் சுருங்கின. அது வெறும் படம். மாமா தன் வேலைத் திரையை அப்படியே படம் பிடித்து, அதைத் திரை முழுக்க விரித்து வைத்திருக்கிறார். பின்னால் அலுவலகத்தின் உண்மையான பக்கம் இருந்தது. அதில் சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி: 'உங்கள் கணக்கு நீக்கப்பட்டது.'

புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாமாவுக்கு வேலை போய் ஒரு மாதம் ஆகிறது. காலையிலிருந்து மாலை வரை ஒரு படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்ததும் இந்த அப்பாவி அக்கா ஓடிவந்து அந்தப் படத்துக்குக் காவல் இருக்கிறாள்.

"என்னடா, நிறுத்திட்டியா?" குளியலறைக்கே கேட்கும்படி கத்தினாள் அக்கா.

"இல்லக்கா, இல்லக்கா!" படத்தை அவசரமாக விரித்துவிட்டு, வெறி பிடித்தவன் மாதிரி ஆட்டினான்.

குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டோடு வந்த மாமா, தன் நாற்காலியில் மைத்துனனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்ளே, எப்ப வந்தே? இதுல எதையாவது தொட்டியா?"

"மவுஸை மட்டும்தான் மாமா. அக்கா உத்தரவு."

மாமாவுக்கு மூச்சு வந்தது. "இந்த அஞ்சு நிமிஷ ரோதனை இருக்கே" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "எஸ் சார், இப்ப முடிச்சிடறேன் சார்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். ஹெட்போன் ஒயரின் மறுமுனை எதிலும் சொருகப்படாமல் மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பி மெல்ல சமையலறைக்கு நழுவினான். சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அக்கா தாங்குவாளா? தாங்கினாலும், அதன் பிறகு மாமா அவள் முகத்தில் எப்படி விழிப்பார்? பொய்யே மேல் என்று தோன்றியது.

"கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்லக்கா. நீ வழக்கம்போல ஆட்டிக்கிட்டே இரு."

அக்கா அடுப்பை அணைத்தாள். எட்டி ஒரு தடவை கூடத்தைப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"படத்தைப் பாத்துட்டியா?"

தம்பி மெல்லத் தலையாட்டினான்.

"உங்க ஆபீஸ்ல அவருக்கு ஏதாவது வேலை கிடைக்குமாடா? அதைக் கேக்கத்தான் உன்னை வரச் சொன்னேன். அவரே தேடிக் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கணும். எனக்குத் தெரியும்னு மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது."

"உனக்கு எப்பக்கா தெரியும்?"

"மொத வாரமே. அவர் சாப்பிட்டுப் படுத்திருந்தார். நான் ஆட்ட மறந்து அந்த நாற்காலியிலேயே தூங்கிட்டேன். ஐயோ, என்னால அவருக்கு வேலை போச்சேன்னு பதறி எழுந்து பாத்தா..." அதுவரை திடமாக இருந்த அக்காவின் குரல் அங்கேதான் உடைந்தது. "பாஸ்வேர்டே கேக்கலடா!"