பன்னிரண்டு லைன், கூட ஒன்று

சாயங்காலம் அணையைத் திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆற்றங்கரைத் தொலைபேசி நிலையம் பரபரத்தது. கரையோரம் இருநூறு வளைகள் இருந்தன. எல்லாரையும் மேட்டுக்கு ஏறச் சொல்லியாக வேண்டும்.

பேசுவதற்கு நாலு மைனாக்கள் இருந்தன. "நாலு வாய்க்கு நாலு லைன் போதும்," என்றார் மேலாளர் கொக்கு.

மூன்று வளைக்கு அடித்தால் ஒன்றில்தான் போனை எடுத்தார்கள். மற்ற நேரமெல்லாம் மைனாக்கள் மணியடிப்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தன. மத்தியானம் வரை முப்பது வளைகள்தான் முடிந்தன.

கொக்கு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "நிலையத்துல இருக்கற நாற்பது லைனையும் திற!"

ஒரே நேரத்தில் பதின்மூன்று பேர் எடுத்தார்கள். பேச நாலு மைனாக்கள்தானே? ஒரு முயல் தொண்டை கிழிய "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்த்தது. "இனி இந்த நம்பர் வந்தா எடுக்கவே மாட்டேன்!" என்று வைத்துவிட்டது.

லைன் இழுக்கும் அணிலுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, மூணு பேருக்கு அடிச்சா ஒருத்தர்தான் எடுக்கிறார். ஒரு மைனாவுக்கு மூணு லைன் கொடுங்க. மொத்தம் பன்னிரண்டு. கூட ஒரு புது நம்பர்."

"அது யாருக்கு?"

"உங்களுக்குத்தான். முயல்கிட்டயும் மத்தவங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கணுமில்ல?"

கொக்கு ரிசீவரை எடுத்தார். மைனாக்களுக்கு அப்புறம் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. எடுக்காத வளைகளுக்குத் திரும்பத் திரும்ப அடித்தன. கடைசியாக முயல், இன்னும் முணுமுணுத்தபடியே, மேட்டில் ஏறியது.

வெள்ளம் வந்தது. வளை வளையாக எட்டிப் பார்த்தது. இருநூறிலும் ஆளில்லை.