மூன்றாம் ஓலை

“ஏட்டி, உன்னை ஆரு வரச் சொன்னா?”

வேதக்கோயில் வாசலிலேயே ஞானசிங் தன் மூத்த மகளை மறித்துவிட்டார்.

“சொகமாயிட்டுன்னு டாக்டர் விட்டுட்டாரு அப்பா. போட்ட கடுதாசி எல்லாம் திரும்பி வந்துட்டு. பேச்சிப்பாறையில விசாரிச்சு வந்தேன்.”

நேசபாய் சர்ட்டிபிகேட்டை நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை.

இல்லாத ஆட்களோடு பேசுகிறாள் என்று நாலு வருஷத்துக்கு முன் அவளைத் திருவனந்தபுரத்துப் பைத்தியாஸ்பத்திரியில் விட்டவர் அவர்தான். விட்ட கையோடு பேச்சிப்பாறையைக் காலி செய்து நாகர்கோவிலுக்குக் குடிவந்தார். இந்தச் சபைக்குத் தெரிந்து அவருக்கு ஒரே மகள், தங்கபாய்.

அன்று தங்கபாயின் கல்யாணத்துக்கு மூன்றாம் ஓலை, அதாவது கடைசி அறிவிப்பு, வாசிக்கிறார்கள். ஓலை வாசித்து, சபையில் யாரும் தடை சொல்லாவிட்டால் வியாழக்கிழமை தாலி. மாப்பிள்ளையின் அம்மா மணவாளக்குறிச்சியிலிருந்து வந்து முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா பைத்தியாஸ்பத்திரியில கிடந்தவன்னு தெரிஞ்சா தங்கச்சியை ஆருட்டி கெட்டுவா? போயிரு.”

அவள் போகவில்லை. பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் போய் உட்கார்ந்துகொண்டாள். வருகிறவள் வேறு நாள் பார்த்து வரக்கூடாதா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

போதகர் ஓலை வாசித்தார்.

“தடை சொல்ல யாராவது உண்டுமா?”

நேசபாய் எழுந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தாள். “நீ ஆரு மக்களே? பொண்ணு சாயல் இருக்கே. சொந்தமா?”

நேசபாய் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் முந்திக்கொண்டார். “இது ஏதோ பைத்தியமாக்கும். ஞாயித்துக்கிழமையானா இப்பிடி ஒண்ணு வந்துரும்.”

சபையில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“ஆமா,” என்றாள் நேசபாய். “எனக்கு இங்க ஆரும் இல்ல. வெயிலுக்கு ஒதுங்கினேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். கல்யாணத்துக்குத் தடை இல்லை என்று போதகர் சொன்னார். அடுத்த பாட்டை ஞானசிங் எல்லாரையும்விட உரக்கப் பாடினார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் எரிந்து விழுந்தார்.

“சுகமாகிவிட்டது என்று நான்தானே எழுதித் தந்தேன்? பிறகு ஏன் வந்தாய்?”

நேசபாய் சர்ட்டிபிகேட்டை அவர் மேசையில் வைத்தாள்.

“தீரல்ல டாக்டர். இல்லாத ஆட்கள் இன்னும் எனக்கு உண்டுன்னுதான் தோணுது. ஒரு அப்பா, ஒரு தங்கச்சி.”