இரட்டைப்படை நாள்

கணவன் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தான். அவள் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

தில்லியில் இன்று இரட்டைப்படைத் தேதி. அவர்கள் காரின் எண் ஏழில் முடிகிறது. இரட்டைப்படை எண் வண்டிகள் மட்டும்தான் ஓடலாம்; அதை வெளியே எடுக்கக் கூடாது. ஊரில் புகை குறைய வேண்டுமே.

அவன் மெட்ரோவுக்கு நடந்து போகிற நாள்.

குடியிருப்புக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவனே அவன்தான். "என் பொண்ணுக்கு மூச்சுத்திணறல். அவளுக்காகவாவது காரை வீட்ல விடுங்க." எல்லாரும் கைதட்டினார்கள். மனைவிக்குப் பெருமை பிடிபடவில்லை.

இந்த நாட்களின் மாலையில் கல்லுப்புப் போட்டு வெந்நீர் வைப்பாள். நடந்து களைத்த கால்களை அதில் விட்டு, அப்பாடா என்பான்.

ஆனால் இன்று அவன் மெட்ரோ பக்கம் திரும்பவில்லை.

சந்தைக்குப் பின்னால் இருந்த சந்தில் நுழைந்தான். சுவரோரம் நின்ற பழைய டீசல் கார் ஒன்றின் உறையை உருவினான். பழகிய கை. ஏறி உட்கார்ந்தான்.

அதன் எண் நான்கில் முடிந்தது.

கூப்பிட வாயெடுத்தாள். வண்டி கக்கிய கரும்புகை வாயை அடைத்தது.

ஊருக்குத்தான் உபதேசம்.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். நாலு நாள் சண்டை போட்டு, பேசாமல் இருந்து, ஆறியிருப்பாள்.

பின் கண்ணாடிக்குள் மஞ்சளாக ஏதோ கிடந்தது.

மஃப்ளர்.

மகள் சாருவின் மூக்கை மூடிக் கட்டிவிட அவளே பின்னியது. பள்ளி வேனில் தொலைந்துபோச்சு என்று போன வாரம் சாரு அழுதாள். பொறுப்பே இல்லை என்று இவள் முதுகில் இரண்டு வைத்தாள்.

பிள்ளை அடியை வாங்கிக்கொண்டது. வாயைத் திறக்கவில்லை.

அவனும் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

கார் திருப்பத்தில் மறைந்தது. டப்பா இன்னும் சூடாக இருந்தது.

மாலையில் வந்தான். "இன்னிக்கு மெட்ரோல நிக்கக்கூட இடமில்ல" என்றான். நாற்காலியில் சாய்ந்து கால்களை நீட்டினான்.

வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

சாரு தரையில் உட்கார்ந்து, இருமிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இவள் அருகில் போய் அமர்ந்தாள். அடித்த அதே முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"மஃப்ளர் எங்கடா கண்ணு?"

சாரு அம்மாவைப் பார்க்கவில்லை.

அப்பாவைப் பார்த்தாள்.