அக்காவை அளந்த நாள்

சூப்பர்வைசர் தன் கைக்குட்டையாலேயே நாற்காலியைத் துடைத்து, "உட்காருங்கம்மா" என்றார். அக்காவும் கூச்சமே இல்லாமல் உட்கார்ந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே சார்ஜருக்கு ஸ்க்ரூ போடுகிற அந்த வரிசையில் ஒருத்திக்கு நாற்காலி கிடைக்கிறதென்றால் சும்மாவா?

"பார்த்தியா, உங்க அக்காவுக்கு நடக்கிற உபசாரத்தை?" பக்கத்தில் நின்ற வாயாடி, தங்கையின் காதைக் கடித்தாள். "காலையில ரூமுக்குக் கூப்பிட்டு அவ்வளவு நேரம் என்ன பேசினானாம்?"

"லைன் லீடர் ஆக்குறேன்னு சொன்னானாம். யோசிச்சு சொல்றேன்னுட்டு வந்திருக்கா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? முடியாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்ல வேண்டியதுதானே!"

தங்கை, ஏழு மாத வயிறு ஓடுகிற பெல்ட்டில் இடிக்க, வந்துகொண்டே இருந்த சார்ஜர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வேகத்தைக் கூட்டியதிலிருந்து அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. பாத்ரூம் போவதென்றால் மாற்று ஆள் வர வேண்டும். அந்த மாற்று ஆள் வருவதே இல்லை. இன்னொரு தடவை உன்னால் பெல்ட் நின்றால் நீயும் நின்றுவிடு என்று சூப்பர்வைசர் சொல்லியாயிற்று.

எல்லோரும் சேர்ந்து கத்திய பிறகுதான் கம்பெனி ஸ்டாப்வாட்ச்காரரை வரவழைத்தது. வரிசையில் ஒருவரை மட்டும் உட்கார வைத்து அளப்பார். அந்தக் கைக்கு என்ன வேகமோ, இனி பெல்ட்டுக்கும் அதே வேகம்.

நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் எல்லோருக்கும் பாடம் எடுத்ததே அக்காதான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதே ஸ்க்ரூவைப் போடுகிறவள் ஆயிற்றே. "யாரை உட்கார வச்சாலும் சரி. ஒரு ஸ்க்ரூ போடணும், நிதானமா ஒரு மூச்சு விடணும், அப்புறம்தான் அடுத்தது. அவசரப்பட்டீங்க, எல்லார் தலையிலயும் மண்ணுதான்."

ஸ்டாப்வாட்ச்காரர் பொத்தானை அமுக்கினார்.

அக்காவின் கை பறந்தது. ஸ்க்ரூவை எடுத்ததும் தெரியவில்லை, முடுக்கியதும் தெரியவில்லை. முடித்த சார்ஜர்கள் தட்டில் குவிந்துகொண்டே போயின. சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல்.

கூடப் பிறந்தவளே இப்படிச் செய்தால் தங்கை வேறு யாரிடம் போய் முறையிடுவது?

வேலையை முடித்து எழுந்து வரும்போது அக்கா தங்கையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"அடிப்பாவி! பண்றதையும் பண்ணிட்டுக் கண்ணடிச்சுட்டு வேற போறா. என்ன நெஞ்சழுத்தம் பாரு!" என்று பல்லைக் கடித்தாள் வாயாடி.

மத்தியானம் யாரும் அக்கா பக்கத்தில் உட்காரவில்லை. மற்றவர்கள் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் வைப்பதற்குள் அவள் சாப்பிட்டு முடித்து, டப்பாவையும் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். "ஏன்டி எல்லாரும் உம்முனு இருக்கீங்க?" என்று கேள்வி வேறு.

சூப்பர்வைசர் அங்கேயே வந்து நின்றார். "அளந்தாச்சு. இப்ப ஓடுற வேகமே கம்மியாம். நாளையிலிருந்து இன்னும் கூட்டுறோம். முடியாதவங்க இப்பவே சொல்லிட்டுக் கிளம்பலாம்." கடைசிப் பேச்சைத் தங்கையின் வயிற்றைப் பார்த்துச் சொன்னார்.

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. அடேயப்பா, என்ன நடிப்பு!

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், தங்கை எழுந்து போய் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒரு லீடர் வேலைக்காக என் வயித்துல அடிச்சிட்டியே! நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"யாருக்குடி வேணும் அந்த வேலை? முடியாதுன்னு காலையிலயே சொல்லியிருந்தா என்னை அந்த நாற்காலியில உட்கார விட்டிருப்பானா? அதுக்காகத்தானே இழுத்தடிச்சேன்!"

"அப்ப எதுக்கு அந்தப் பறப்பு பறந்தே?" என்று குறுக்கே பாய்ந்தாள் வாயாடி.

அக்கா பேந்தப் பேந்த விழித்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள், வாயாடியைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நான் மெதுவாத்தானேடி போட்டேன்..."