விசையில் ஒரு விரல்

“ஆணி அடிச்சா மரத்துக்கு வலிக்காதாம்மா?”

ஐந்து வயதில், இதே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மகன் கேட்ட கேள்வி. அன்றைக்குக் கடையே சிரித்தது. அந்த மகன் வளர்ந்து ஆளாகி, இப்போது பன்னிரண்டு நாளாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். நாளுக்கு ஓரிடமாகப் போகும் கூலி வேலைக்கும் போவதில்லை. தட்டில் வைத்தது அப்படியே திரும்பி வருகிறது. என்னடா என்று கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். கருவிக் கடைக்காரம்மாவுக்குக் கடையில் கை இருந்ததே தவிர மனசு இல்லை.

“வேலி வேலைக்கு ஆணி அடிக்கிற நெயில் கன் ஒண்ணு வேணும்மா.”

நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தார்.

“காத்துக் குழாய் மாட்டற ரகமாண்ணே, பேட்டரியா?”

“வெட்டவெளியில குழாயை இழுத்துக்கிட்டு எங்கம்மா போறது? பேட்டரியே காட்டுங்க.”

முன்னால் இருந்ததை எடுத்து வைத்தாள். “இதைப் பாருங்க. விசையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, முனையால பலகையைத் தொட்டுத் தொட்டு எடுத்தாப் போதும். படபடன்னு ஆணி இறங்கும். ஒரு நாள் வேலி அரை நாள்ல முடிஞ்சுடும். எல்லாரும் இதைத்தான் கேட்டு வாங்கறாங்க.”

“தொட்டதையெல்லாம் அடிக்குமா?”

“அதானேண்ணே வேகமே! விசையிலேர்ந்து விரலை எடுத்துட்டா அடிக்காது.”

“வாங்கிட்டுப் போறவங்ககிட்ட அதைச் சொல்லி அனுப்புவீங்களாம்மா?”

விலையைச் சொல்வாள், வேகத்தைச் சொல்வாள். இதைச் சொன்னதில்லை.

“நிதானமானது ஒண்ணு இருக்கு” என்று உள்ளேயிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தாள். “முனையை மரத்துல அழுத்தணும், அப்புறம் விசையை இழுக்கணும். ஒரு இழுப்புக்கு ஒரே ஆணி. அடுத்த ஆணிக்கு விரலை எடுத்துட்டு மறுபடி இழுக்கணும். ஆமை மாதிரிதான் போகும், சொல்லிட்டேன்.”

அவர் இடது கையால் தூக்கிப் பார்த்தார். சோதனைப் பலகையில் ஓர் ஆணி அடித்தார். விசையை விடாமல் முனையை மட்டும் மறுபடி அழுத்தினார். கருவி சும்மா இருந்தது. அவர் முகத்தில் நிம்மதி படர்ந்தது.

“இந்த ஆமையே போதும். துருப்பிடிக்காத ஆணி ஒரு பெட்டியும் சேர்த்துப் போடுங்க.” பணத்தை வைத்துவிட்டு அவளை ஒரு நிமிடம் பார்த்தார். “முகமே சரியில்லையேம்மா. வீட்ல ஏதாவது?”

யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது அவளுக்கு. “என் மகன்தாண்ணே. அறையை விட்டு வெளியில வரமாட்டேங்கிறான். ஏதோ பொண்ணு விவகாரம்னு நினைக்கிறேன். வாயைத் திறந்தாத்தானே!”

“சாப்பிடறானா?”

“எங்க!”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “இதை ஒரு வீட்டுக்கு அனுப்பணும்மா.”

அனுப்பும் சீட்டை நீட்டினாள். அவர் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகக் கீறத் தொடங்கினார்.

“நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள பேட்டரியே தீர்ந்துடும் போலிருக்கே!” என்று சிரித்தாள். “அந்தக் கைக்கு என்ன, விடுமுறையா?”

அவர் வலது கையை வெளியே எடுத்தார். மணிக்கட்டுவரை கட்டு. நடுவில் பழுப்பாக ஒரு கறை.

“ஐயோ கடவுளே!”

“நான் பலகையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். கூட வேலை பார்க்கறவன் அடுத்த கம்பத்துக்கு நகர்ந்தான். விசையிலேர்ந்து விரலை எடுக்கல. கால் இடறுச்சு, முனை என் கையைத் தொட்டுடுச்சு. நீங்க முதல்ல காட்டினீங்களே, அந்த ரகம்தான்.”

அவளுக்குக் கோபம் பொங்கியது. “அவனைச் சும்மாவா விட்டீங்க?”

“நானே அடிச்சுக்கிட்டேன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன்.”

“என்னண்ணே இது அநியாயம்! நானா இருந்தா கம்பி எண்ண வெச்சிருப்பேன். கண்டிச்சு வளர்க்காம அவுத்துவிட்ட கழுதையா இருக்கும்!”

“நல்லாத்தாம்மா வளர்த்திருக்காங்க.” அவர் குரல் தணிந்தது. “தன் சட்டையைக் கழட்டி என் கையில சுத்தினான். என்னை முதுகில தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடினான். அழுதுக்கிட்டே ஓடினாம்மா. அதுக்கப்புறம் என் முகத்துல முழிக்கவே இல்லை. அவன் ஓடின ஓட்டத்துக்கு நான் பட்ட கடன், இந்த ஆமை.”

“அவனுக்கா வாங்கறீங்க?” அவள் வாயைப் பிளந்தாள்.

“வேற யாருக்கு? வேலையை விட்டுட்டா அவன் உடைஞ்சு போயிடுவான்.” சீட்டை மடித்துப் பெட்டியின் மேல் வைத்தார். “இன்னைக்கே அனுப்பிடுங்க. யார் குடுத்தாங்கன்னு ஊருக்குத் தெரிய வேணாம்.”

அவர் தெருவில் இறங்கி நடந்தார். இப்படியும் ஒரு மனிதரா என்று பிரமித்து நின்றவள், ஆளில்லாத கடையில் சீட்டைப் பிரித்தாள்.

கோணல் எழுத்தில் அவளுடைய வீட்டு விலாசம் இருந்தது. அதன் கீழே ஒரு வரி: ‘கை ஆறி வருகிறது. திங்கட்கிழமை மகனை வேலைக்கு அனுப்பி வையுங்கள், அம்மா.’