சோடாவும் மடக்குக்கத்தியும்

படையலில் பிராந்தி பாட்டிலை வைக்கக் குனிந்த முனீஸின் கையைத் தட்டிவிட்டேன்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"மதினி, அண்ணனுக்குப் பிடிச்சத வைக்கணும்ல?"

முனீஸ் என் கொழுந்தன். உசிலம்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில்தான் நாங்கள் இருக்கும் வீரபாண்டிக்கு வந்து இறங்கினான். அண்ணன் செத்துப் பதினாறு நாள். அவன் கையோடு கொண்டுவந்தது அந்த பாட்டிலைத்தான்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. செத்தவர் ஆசையாகக் குடித்ததை இலை முன்னால் வைப்போம். பக்கத்தில் அவர் கையில் புழங்கிய சாமான் ஒன்று.

நான் வைத்தது எலுமிச்சை பிழிந்த சோடா. பக்கத்தில் அவருடைய மடக்குக்கத்தி, கொம்புப் பிடி போட்டது, திருப்பாச்சேத்தியில் வாங்கியது.

அவர் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் நூல் மூட்டை பிரிப்பதும் அந்தக் கத்திதான். வேலைவிட்டு வந்ததும் அதைக் கழுவி, பழத்தை இரண்டாக அறுத்து, சோடாவில் பிழிந்து உப்புப் போட்டுக் குடிப்பார். பிராந்தியை விட்ட நாலு வருசமாக இதுதான். குடித்துவிட்டுப் பெரிய ஜமீன் மாதிரி ஒரு ஏப்பம். அந்த ஏப்பத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இப்போது அது இல்லாமல் சாயங்காலம் போகமாட்டேன் என்கிறது.

கம்பெனிக்காரர்கள் வேறு சொல்கிறார்கள். குடிபோதையில், லிஃப்ட் வந்து நிற்கும் முன்னே மூன்றாம் மாடியில் கால் வைத்துக் கீழே விழுந்துவிட்டாராம். இரண்டு மாதமாகக் கதவு பூட்டாத லிஃப்ட் அது.

அதனால்தான் அந்த பாட்டிலை இலை பக்கம் விடக்கூடாது. ஒரு நிமிசம் இருந்தாலும் அவர்கள் சொன்னது நிஜமாகிவிடும்.

முனீஸிடமிருந்து பிடுங்கிப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன். நாலு வருசமாக, சாகிற வரைக்கும் என் புருசன் ஒரு சொட்டுத் தொடவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது.

திரும்பி வந்தால், மகள் மோனிஷா சோடா டம்ளருக்குப் பக்கத்தில் கத்தியை நேராக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பதினாறு நாளில் இன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் தெம்பு தெரிந்தது.

"இதையே திங்கக்கிழமை நஷ்டஈட்டு விசாரணைக்கு லேபர் ஆபீஸ்ல வந்து சொல்லும்மா. நீ சொன்னாப் போதும், அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

நாங்கள் இருப்பது கம்பெனி கொடுத்த வீடு. அவளுக்குப் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

போன வியாழக்கிழமை, அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், மேனேஜர் ரத்தினசாமி ஒரு காகிதத்தோடு வந்தார்.

"பரீட்சை முடியற வரைக்கும் ஊட்டை யாரும் கேக்க மாட்டாங்க அம்மணி."

பொறுமையாக வாசித்தும் காட்டினார். என் கணவர் தவசி தினமும் குடிப்பவர், அன்றைக்கும் வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினார் என்று இருந்தது.

அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.