பத்துக் கேள்வி

“எழுதிட்டியா, இல்லையா?” குளியலறைக்குள்ளிருந்து கோசேய் குரல் கொடுத்தார்.

“கையெல்லாம் மீன் வாசனை. கழுவிட்டு எழுதறேன்,” என்றாள் அவர் மனைவி கிகுயே.

அவளுக்குக் கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. நாஹா நகரத் துறைமுகத் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்தாக வேண்டும். மதியத்துக்குள் நூற்றிருபது டப்பா கட்டி அனுப்புவாள். அதற்கப்புறம் பாத்திரம். தேய்க்கத் தேய்க்கக் குறையாத பாத்திரம்.

மேசையில் கராத்தே மண்டபத்திலிருந்து வந்த தாள் கிடந்தது. நாளைக்குக் கறுப்புப் பட்டைப் பரீட்சை. பரீட்சைக்குப் போகிறவர் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார் என்று வீட்டிலுள்ளவர்கள் எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். அராகாகி வாத்தியார் வைத்த சட்டம் அது. பயிற்சி மண்டபத்தோடு முடிந்துவிடக் கூடாதாம். சாப்பிட்ட கிண்ணத்தைத் தானே கழுவுகிறாரா? செருப்பை ஒழுங்காக வைக்கிறாரா? கூப்பிட்டால் முதல் தடவையே பதில் சொல்கிறாரா? இப்படிப் பத்துக் கேள்வி. பக்கத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம்.

இரண்டு வருஷமாக கோசேய் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, கிகுயே பத்துக்கும் ‘ஆம்’ போட்டுக் கொடுத்தாள். இரண்டு வருஷமும் ஃபெயில்.

“உதை சரியில்லைன்னு சொல்லட்டும், ஒத்துக்கறேன்,” வெந்நீர்த் தொட்டிக்குள்ளிருந்து அவர் புலம்பல் வந்தது. “காரணமே சொல்லாம அடுத்த வருஷம் வான்னா என்ன அர்த்தம்? ஐம்பத்தோரு வயசாச்சு. நாள் பூரா பஸ் ஓட்டி இடுப்பே போச்சு. நாளைக்கும் ஃபெயில்னா எல்லாத்தையும் விட்டுடுவேன், கிகுயே. சத்தியமா. சாயங்காலம் வீட்டுல இருந்து உனக்குப் பாத்திரமாவது தேய்ச்சுக் குடுப்பேன்.”

கை கழுவிவிட்டு முதல் கட்டத்துக்குப் போன கிகுயேவின் பேனா நின்றது.

ஒரு தடவை மண்டபத்துக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். மனுஷன் முட்டி போட்டு ஈரத் துணியால் தரை முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் முப்பது ஜோடிச் செருப்பை வரிசையாக அடுக்கினார். வீட்டில் ஒரு கிண்ணம்கூடக் கழுவியதில்லை.

“அங்கே தரை துடைக்கிறீங்களே, எவ்வளவு நேரமாகும்?”

“பத்து நிமிஷம். ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

“துண்டு எங்கே?”

“உங்க கை பக்கத்து ஆணியிலதான் தொங்குது.”

“எடுத்துக் குடேன்.”

கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பத்துக்கும் ‘இல்லை’ போட்டாள். பாவம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஃபெயிலாகட்டும். சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்தால் தேவலாம். அவர் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் உறையை ஒட்டிவிட்டாள்.

“எப்பவும் போலத்தானே எழுதினே?”

“உள்ளதைத்தான் எழுதியிருக்கேன்.”

அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

மறுநாள் மதியம் கிகுயே பாத்திரம் தேய்க்கும் தொட்டியடியில் நின்றிருந்தபோது வாசல் கதவு தடாலென்று திறந்தது. செருப்பில் ஒன்று உள்ளே விழுந்தது, ஒன்று வெளியிலேயே கிடந்தது.

“பாஸ்,” என்றார் கோசேய். இடுப்பில் கறுப்புப் பட்டை. மேசையில் மூடி வைத்திருந்த சோற்றையும் பாகற்காய்ப் பொரியலையும் இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். “பத்துக்கும் ‘இல்லை’ன்னு போட்டிருக்கியே?”

கிகுயே தேய்ப்பதை நிறுத்தினாள். “ஆமா.”

“வாத்தியார் எல்லார் முன்னாலயும் சத்தமா படிச்சாரு. மானமே போச்சு. உன் மேல வந்த கோபத்துக்கு அப்படியே கிளம்பி வந்திருப்பேன்.”

“அப்புறம் எப்படி பாஸாச்சு?”

“அதைக் கேளு. பத்துக்குப் பத்து ‘ஆம்’னு எந்தப் பொண்டாட்டியும் மனசார எழுத மாட்டாளாம். ‘ரெண்டு வருஷமா உன் சம்சாரம் பயந்துக்கிட்டு எழுதினா. வீட்டுல பயமுறுத்துறவனுக்கு நான் பட்டை தர மாட்டேன். இந்த வருஷம் அவளுக்குப் பயம் விட்டுப்போச்சு. அப்படின்னா நீ திருந்திட்டே’ன்னு சொல்லி அவரே கட்டிவிட்டாரு.”

சாப்பிட்டு முடித்தவர், கிண்ணத்தை அவள் முன்னால் குவிந்திருந்த பாத்திரத்தின் மேல் வைத்தார்.

“இனிமே தினமும் சாயங்காலம் புதுசா சேர்றவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கணுமாம். ஞாயித்துக்கிழமையும் உண்டு. எல்லாம் உன்னாலதான், கிகுயே.”

இன்னும் ஒரே ஒரு தடவை பொய் எழுதியிருந்தால் இந்தக் கிண்ணத்தை இப்போது அவரே தேய்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தபடி, கிகுயே நாரைக் கையில் எடுத்தாள்.